முதலாளி ஏறினால் சூடாகும் சக்கரம்

தம்பிகளே, ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. அவன் நாலு வார்த்தையோடு நிறுத்த மாட்டான். பிரேக்கை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்றெல்லாம் உங்களுக்குக் காட்டித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கழற்றுவதற்கு முன்னால் எத்தனை பேருடைய யோசனையைக் காதில் வாங்க வேண்டியிருக்கும், அதில் எதை வெளியே விட வேண்டும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது அதுதான். ஆம்பூரில் நான் மேஸ்திரியாக இருந்தபோது வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது ஊரில் இருந்த மோட்டார் வண்டிகளை ஹாரன் சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் தோல் மண்டிக்காரர்களுடையவை. அவற்றில் கரீம் சாயபுவின் வண்டிதான் பழையது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அவர் வாங்கியது. மேலே கித்தான் கூரை, இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் படிப்பலகை, பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக். இன்றைய வண்டியில் எண்ணெய் செய்கிற வேலையை அதில் இரும்புக் கம்பி செய்தது. மிதியை அழுத்தினால் வண்டிக்கு அடியில் இருக்கும் நீளக் கம்பிகள் முன்பக்கமாக இழுபடும். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான்.

கரீம் சாயபு நல்லவர். தாராளமான கை. அவருக்கு இருந்த ஒரே குறை, அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருந்ததும், அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் 'இல்லை' என்ற சொல் தெரியாமல் இருந்ததும்தான். சாயபு நல்ல கனமான ஆள். படியில் கால் வைத்தாரென்றால் வண்டி அவருக்கு சலாம் போடுவதுபோல இடது பக்கமாகச் சாயும். எப்போதும் பின் இருக்கையில் இடது ஓரம்தான் உட்காருவார். அந்தப் பக்கம்தான் கடைக்காரர்கள் எழுந்து நிற்பது நன்றாகத் தெரியும். அவர் உட்கார்ந்த பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில் கூட்டம் ஏறும். இடம் கிடைக்காதவர்கள் படிப்பலகையில் தொத்திக்கொள்வார்கள். அதுவும் சாயபு பக்கத்துப் பலகையில்தான். ஏறின கையோடு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"சாயபு, இன்னா இப்டி எளைச்சுட்டீங்க? மண்டிக் கவலையெல்லாம் நீங்களே ஜாஸ்தி சுமக்கறீங்க."

தினமும் இதைக் கேட்டுக் கேட்டு, தாம் இளைத்துக்கொண்டே வருவதாக சாயபுவும் நம்பிவிட்டார். வருத்தப்பட்டுக் கொஞ்சம் கூடவே சாப்பிடவும் செய்தார்.

இப்படி இருக்கையில் அவருடைய டிரைவர் முனுசாமி ஒரு நாள் வண்டியை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். என் வயசுக்காரன். நிதானமாக ஓட்டுகிறவன்.

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. பின்னாடி லெஃப்ட் சக்கரம் கொதிக்குது. தண்ணி தெளிச்சா தோசைக்கல்லு மாதிரி சொர்ருங்குது."

"பொசுங்கற வாசனை வந்துச்சா?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஆம்பூர்ல இருந்துக்குனு வாசனையைக் கேக்கறியே."

அவன் சொன்னது சரி. உலகத்தில் எந்த ஊரிலும் பிரேக் பிடித்துக்கொண்டால் முதலில் மூக்குதான் சொல்லும். எங்கள் ஊரில் ஊற வைத்த தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து மூக்கை எப்போதோ வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தன. சாயபுவின் வண்டி பொசுங்கிக்கொண்டே கடைத்தெருவை எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆகவே தம்பிகளே, ஓர் ஊருக்கு வேலைக்குப் போனால், அந்த ஊர் உங்கள் புலன்களில் எதைப் பறித்துக்கொண்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவற்றை வைத்துப் பிழைக்கலாம்.

வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரம் தரையை விட்டு எழும்பித் தொங்கியது. கையால் சுற்றினேன். ராட்டினம்போலச் சுற்றியது. பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பொசுங்கிய அடையாளம் இருந்தது. பொசுங்கக் காரணம் இல்லை. சுத்தம் செய்து பூட்டி, நானே வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் சில்லென்று இருந்தது. சாயபு வீட்டுக்குப் போனது, மறுபடி கொதித்தது, மறுபடி வந்தது. ஷெட்டுக்குள் வந்தவுடன் நல்ல பிள்ளையாகச் சுற்றியது.

அதற்குள் ஊர் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். இன்ஜினுக்கு வயசாகிவிட்டது என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று முடிவு செய்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி தாயத்தும் மற்றது எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தது. சாயபு யார் மனத்தையும் நோகடிக்காதவர். இரண்டையும் கட்டச் சொன்னார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டிய எலுமிச்சம்பழம் ஒரே சவாரியில் வெந்துபோயிற்று. எனக்கு அது உபயோகமாகத்தான் இருந்தது. முனுசாமி பொய் சொல்லவில்லை என்று அந்தப் பழம் சாட்சி சொன்னது.

கடைசியில் சாயபுவின் மச்சான் யூசுப் களத்தில் இறங்கினார். சாயபுவின் மனைவிக்குத் தம்பி. எலும்பும் தோலுமான ஆள். தெரியாத விஷயம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. வாணியம்பாடியில் அவருடைய தோஸ்த் ஒருவர் டிரைவர் வேலை தேடிக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததும் நோய் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"முனுசாமி காலை பிரேக்கு மேலயே வெச்சிக்குனு ஓட்றான். அதான் புடிக்குது. ஆளை மாத்தினா வண்டி சரியாய்டும்."

அதை நிரூபிப்பதற்கு முன்னால் அவர் இன்னொரு காரியமும் செய்தார். முனுசாமி தடுக்கத் தடுக்க, ஸ்பேனரை வாங்கி இடது சக்கரத்துப் பட்டையின் நட்டைத் தாமே நன்றாகத் தளர்த்திவிட்டார். சக்கரம் சூடாகவில்லை. கூட்டம் அவரைப் புகழ்ந்தது. அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. முனுசாமி பிரேக்கை மிதித்தான். வலது சக்கரம் மட்டும் பிடித்தது. வண்டி விருட்டென்று வலப்பக்கம் திரும்பி, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி நின்றிருந்த ஒரு கட்டை வண்டியில் போய்ப் புகுந்தது. நல்ல வேளையாக மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. சாயபு ஆவாரம்பட்டைக் குவியலுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். படிப்பலகையில் இருந்தவர்கள் மோதுவதற்கு முன்பே குதித்திருந்தார்கள். விசுவாசத்தோடு ஓடி வந்து அவருடைய சட்டையைத் தட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் என்னை மண்டிக்கு வரச் சொன்னார்கள். சாயபு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓர் ஓரமாக முனுசாமி தலை குனிந்து நின்றான். அவனுக்கு வயசான அம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். டிரைவர் வேலை போனால் அந்தக் காலத்தில் இன்னொரு முதலாளி கிடைப்பது லேசு இல்லை. வண்டியை மோதினவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"மேஸ்திரி, ஒரே பேச்சு சொல்லு," என்றார் சாயபு. "தப்பு வண்டியோடதா, இவனோடதா? நாளைக்குக் காலையில ஒரு கல்யாணத்துக்குப் போவணும். பேரணாம்பட்டு தாண்டி மலை ஏறணும், எறங்கணும். இவன் ஓட்றதா, வேற ஆள் ஓட்றதா?"

நான் உள்ளே வருவதற்கு முன்பே யூசுப் என்னை வாசலில் நிறுத்திப் பேசியிருந்தார். "டிரைவர் தப்புன்னு சொல்லிடு. மண்டி லாரி வேலையெல்லாம் இனிமே உங்க ஷெட்டுக்குத்தான்." ஆசை காட்டினாரே தவிர மிரட்டவில்லை. அவருக்கு அது நியாயமான காரியமாகவே பட்டிருந்தது.

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும்படி உங்களை நெருக்குவார்கள், தம்பிகளே. அதுவும் நாலு பேர் முன்னால் நிற்க வைத்து, ஒரே வார்த்தையில் சொல் என்பார்கள். "தெரியலை" என்பதும் ஒரே வார்த்தைதான்.

"தெரியலீங்க சாயபு," என்றேன். "நான் பார்த்தப்போல்லாம் வண்டி காலியாத்தான் இருந்துச்சு. ஆள் ஏறிப் போறப்போ கூட வந்து பாக்கணும். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. சாயபு சிரிக்கவில்லை. "வூட்டுப் பொம்பளைங்க வேலூர் போறாங்க. முன்னாடி குந்திக்குனு போய்ட்டு வா," என்றார்.

யூசுப் தளர்த்திய நட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்பினோம். பின் இருக்கையைச் சுற்றித் திரை. உள்ளே சாயபுவின் மனைவியும் மாமியாரும். முன்னால் நானும் முனுசாமியும். பள்ளிகொண்டாவில் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வேலூரில் தொட்டேன். சில்லென்று இருந்தது. திரும்பி வரும்போதும் அப்படியே. முனுசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முணுமுணுத்தான்.

"போச்சு. நீ கூட இருந்ததால காலை எடுத்துட்டேன்னு சொல்லுவாங்க."

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சாயபுவின் மனைவி பேசினார். நிதானமான குரல்.

"மேஸ்திரி, எத்தினி வாட்டி எறங்கிப் பாப்பீங்க? எங்களுக்கு எப்பவும் நல்லாத்தான் போவுது. அவரு ஏறினாத்தான் இதுக்குப் பேஜாரு."

அவர் அம்மா உருதுவில் ஏதோ சொல்லி அடக்கினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கீழே தவழ்ந்து போய்ப் பார்த்தேன். இடது பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளில் மண்ணும் கிரீஸும் அப்பியிருந்தன. கத்தியால் சுரண்டினேன். எல்லாவற்றுக்கும் முதலான தலைப்பட்டையில் மயிரிழைபோல ஒரு விரிசல். பாரம் கம்மியாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாஸ்தியானால் விரிசல் வாய் திறக்கும், அந்தப் பக்கத்து அச்சு கொஞ்சம் பின்னால் நகரும். அச்சு பின்னால் போனால், சட்டத்தில் மாட்டியிருக்கும் பிரேக் கம்பி தானாகவே இழுபடும். யாரும் மிதிக்க வேண்டாம். மிதிப்பவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் அதுவரை சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்கினதும் ஸ்பிரிங்குக்குப் பாரம் போய்விடும். கால் வலி உள்ளவனைப் படுக்க வைத்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்ட கதை.

இனி இதைச் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டம். வாயால் சொன்னால் கூட்டம் என்னைப் பேச விடாது. தினமும் இளைத்து வரும் ஒரு மனிதருடைய கனத்தால் பிரேக் பிடிக்கிறது என்று எந்த நாக்கால் சொல்வது? முனுசாமி வேண்டாம் என்றான். "அண்ணே, என் வேலை போனாப் போவுது. நீ வேற மாட்டிக்காதே." ஆனால் போகப்போவது வேலை மட்டும் இல்லை. மறுநாள் அந்த வண்டி மலை இறங்கப்போகிறது. யூசுப்பின் தோஸ்த் நட்டைத் தளர்த்திக்கொண்டு ஓட்டுவான். அங்கே முட்டிக்கொள்ள ஆவாரம்பட்டை இருக்காது.

மண்டி முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். இந்தத் தடவை சட்டத்தை விட்டுவிட்டு, பின் அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். சாயபுவை நாற்காலியோடு வெளியே வரச் சொன்னேன். கூட்டமும் வந்தது.

"முனுசாமி வண்டியாண்ட வரவே வேணாம்," என்றேன். "அதோ அந்த மரத்தடியில நிக்கட்டும். இப்போ பாருங்க." இடது சக்கரத்தைச் சுற்றினேன். சுழன்றது. "யூசுப் சாயபு, நீங்க ஏறி முதலாளி எடத்துல குந்துங்க."

யூசுப் சந்தோஷமாக ஏறினார். அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அவருக்கு வெகு நாளாக ஆசை. சக்கரம் சுழன்றது. "இன்னொருத்தர் ஏறுங்க." ஒருவர் ஏறினார். சுற்று கொஞ்சம் கனத்தது. "இன்னொருத்தர்." எப்போதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சண்டை போடுகிற கூட்டம் இப்போது பின்வாங்கியது. என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. சக்கரத்தை நிறுத்தின ஆள் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

சாயபு எழுந்தார். "எல்லாரும் எறங்குங்க," என்றார். தாமே போய் ஏறித் தம் இடத்தில் உட்கார்ந்தார். கீழே ஸ்பிரிங் கிரீச்சென்றது. நான் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. யூசுப்பைத் தள்ளச் சொன்னேன். அவர் முகம் சிவக்கத் தள்ளினார். அசையவில்லை.

கூட்டம் சக்கரத்தையும் சாயபுவையும் மாறி மாறிப் பார்த்தது.

"எறங்குங்க சாயபு," என்றேன். இறங்கினார். ஒரு விரலால் தொட்டேன். சக்கரம் சுழன்றது.

கூட்டத்தில் ஒருவர் முதலில் சுதாரித்துக்கொண்டார். "வண்டிதான் எளைச்சுடுச்சு, சாயபு!"

சாயபு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டி வாசலில் தோல் கட்டுகளை நிறுக்கும் பெரிய தராசு தொங்கியது. அதைப் பார்த்தார். "அதுல ஏறிப் பாக்கட்டுமா?" என்றார்.

"வேணாம் சாயபு," என்றார் இன்னொருவர் அவசரமாக. "அது பழைய தராசு."

சாயபு என்னிடம் வந்தார். முகத்தில் கோபமா, வெட்கமா என்று சொல்ல முடியவில்லை. "என் கனந்தான் காரணமா?"

ஆமாம் என்றால் பாதி உண்மை. இல்லை என்றால் முழுப் பொய். "பாரத்தைத் தாங்கறதுக்குத்தானுங்க ஸ்பிரிங்கு. தாங்கலைன்னா கொறை அதோடது," என்றேன். "தலைப்பட்டையில விரிசல் வுட்டிருக்கு. ஆனா இன்னைக்கி நீங்க ஏறினா பிரேக்கு தானா புடிக்குது. முனுசாமி கால் அதுல இல்லை."

விரிசலைத் தாமே குனிந்து பார்த்தார். குனிய அவருக்கு நேரம் பிடித்தது. நிமிர்ந்ததும், "நாளைக்குக் கல்யாணத்துக்கு?" என்றார்.

"இதுல போவக்கூடாதுங்க. புதுப் பட்டை அடிச்சு மாட்டணும்."

யூசுப் குறுக்கே வந்தார். "அந்தப் பக்கத்துக் கம்பியைக் கழட்டிட்டாப் போச்சு! இன்னொரு சக்கரம் இருக்குதில்ல? மெதுவாப் போலாம்." கூட்டம் உடனே ஆமோதித்தது. கல்யாண வீட்டில் மோட்டாரில் போய் இறங்க எல்லாருக்கும் ஆசை. சாயபுவும் தயங்கினார். அவருடைய கௌரவமும் அந்த வண்டியில்தான் இருந்தது.

அங்கே வாதாடிப் பயன் இல்லை. நான் வண்டிக்கு அடியில் புகுந்து, மிதியோடு கம்பிகளைச் சேர்க்கும் இரும்பு ஊசியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. "இது இல்லாம யாரும் தெருவுல கூட எறக்க முடியாது. பட்டை மாட்டினப்பறம் தர்றேன். என் மேல கோவம்னா வேற மேஸ்திரி பாத்துக்குங்க," என்றேன்.

சாயபு என் இடுப்பில் இருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "முனுசாமி! காலையில மாட்டு வண்டி ரெண்டு சொல்லி வை. நீயும் கூட வா."

மாட்டு வண்டி என்றதும் கூட்டத்தில் அன்றைக்கே பல பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு வயிறு. கடைசியில் கிளம்பியது சாயபு, மனைவி, மாமியார், யூசுப், முனுசாமி மட்டும்தான். ஏற்றத்தில் மாடுகள் திணறியதும் யாரும் சொல்லாமலே சாயபு இறங்கி நடந்தாராம். முனுசாமி பக்கத்தில் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் சாயபு மூச்சு வாங்க நின்று கேட்டாராம்.

"முனுசாமி, நான் எளைச்சிருக்கேனா?"

"இல்லீங்க சாயபு."

"எத்தினி நாளாத் தெரியும் உனக்கு?"

"வேலைக்கு வந்த நாள்லேந்துங்க."

சாயபு பாதையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். முனுசாமியின் வேலை அதற்குப் பிறகு ஆடவே இல்லை. புதுப் பட்டை மாட்டின பிறகு வண்டியில் சாயபு பழைய இடத்திலேயே உட்கார்ந்தார், சக்கரம் சூடாகவும் இல்லை. இளைத்துவிட்டீர்கள் என்று மட்டும் யாரும் அப்புறம் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தவரைச் சாயபு தராசுப் பக்கம் பார்க்கச் சொல்வார். மண்டி லாரி வேலை எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வெகு நாள் கழித்து யூசுப் ஷெட்டுக்கு வந்தார். கூடவே குடியாத்தத்துக்காரர் ஒருவர், அவருடைய பழைய வண்டி. பின் சக்கரம் சூடாகிறதாம். நான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஜாக்கியை எடுத்தேன். யூசுப் என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார். அவர் முகத்தில் அவ்வளவு அன்பு.

"மேஸ்திரி, ஜாக்கியை சட்டத்துல வெக்காதே. அச்சுக்கு அடியில கட்டை குடு. கனமான ஆளா ஒருத்தரை ஏத்தி சக்கரத்தைச் சுத்திப் பாரு. எங்க மாமா வண்டியில நான் அப்டித்தான் கண்டுபுடிச்சேன். உனக்குத் தெரிஞ்சிருக்காது, அதான் சொல்றேன்."

"ரொம்ப நல்ல யோசனைங்க," என்றேன். அச்சுக்கு அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டு, ஏற்றுவதற்குக் கனமான ஆள் தேடப் போனேன்.